நாலரைக் கட்டைக் குரல்

வாக்குக் கொடுத்தால் மாறாத மனிதர் என்று தில்லைநாதனுக்கு மல்லாவிப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. ஒரு வருடம் அயலவர் ஒருவருக்கு விதைநெல் தருவதாக வாயால் சொல்லியிருந்தார். பிறகு வெள்ளம் வந்து, வீட்டில் மூட்டை கட்டியிருந்த நெல்லே முளைத்துப் பழுதாகிவிட்டது. அவர் துணுக்காய்ப் பக்கம் போய் விலைக்கு வாங்கி வந்து, சொன்ன நாளில் சொன்ன அளவைக் கொண்டுபோய் இறக்கினார். அறுபத்தெட்டு வயதிலும் வரம்பில் நிமிர்ந்துதான் நடப்பார். "உலக்கையை விழுங்கின மனிசன்" என்று வயல் வேலைக்கு வரும் பெண்கள் பின்னால் சிரிப்பது அவருக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும். வளைந்து நடக்க அவருக்கு என்ன வந்தது?

அப்படிப்பட்டவர் இந்தத் தைப்பூசத்துக்குத் தன் வயலைப் பாட்டுப் படம் எடுப்பவர்களுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

பாட்டு அவருடைய ஒரே மகள் சுதாஜினி எழுதிப் பாடியது. அவள் முன்பள்ளி ஆசிரியை. முப்பத்துநாலு வயது. பத்து வருடமாக ஓர் இசைக்குழுவோடு கோயில் திருவிழாக்களில் பாடி வருகிறாள். கொக்கிளாயிலிருந்து நெளுக்குளம் வரைக்கும் அவள் குரல் போகாத கோயில் வீதி குறைவு. பெண்களில் அபூர்வமான, பாரமான குரல். நாலரைக் கட்டைச் சுருதியில் அவள் எடுத்தால், ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள் தங்கள் பெட்டியில் ஒரு குமிழையும் திருக மாட்டார்கள். அப்படியே விட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள்.

அதைக் கேட்டுத்தான் வவுனியாவிலிருந்து பிரசாந்தன் வந்தான். கனடாவில் இருக்கும் ஒரு முதலாளியின் பணத்தில், பாட்டுகளுக்குப் படம் எடுத்து யூடியூப்பில் போடுகிறவன். ஒலிப்பதிவு கார்த்திகையில் கிளிநொச்சியில் முடிந்தது. மார்கழியில் அவன் வீட்டுக்கு வந்து, "உங்கட மகளின்ர பாட்டுக்கு உங்கட வயலிலயே வீடியோ எடுப்பம் ஐயா" என்று கேட்டபோது தில்லைநாதன் உடனே ஓம் என்றார்.

"பொம்பிளையள் நிரையா நிண்டு நாத்து நடுற மாதிரியும் ஒரு சீன்..." என்று அவன் தொடங்கினான்.

"தம்பி, இஞ்சை நாங்கள் விதைக்கிறனாங்கள். நாத்து நடுறதை நீர் வேற எங்கையோ படத்தில பாத்திருப்பீர்."

பிறகு அவரே வழியும் சொன்னார். தைப்பூசத்தன்று புதிர் எடுப்பார்கள். முற்றிய வயலில் முதற்கதிரை வீட்டுக்காரர் அறுத்துக் கொடுக்க, வீட்டுப் பெண் தலையில் சுமந்து வருவாள். அந்த நெல்லைக் குற்றி அன்றைய சோற்றில் கலந்து சமைத்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் கொடுத்து உண்பார்கள். "அதை எடுங்கோ. நடிப்பில்லாமல் நடக்கிற காரியம்," என்றார்.

அதன்பிறகு கமக்காரர் சங்கக் கூட்டத்திலும் கூட்டுறவுக் கடை வாசலிலும் அவர் வாயில் ஒரே கதைதான். "பூசத்தண்டு என்ர பிள்ளை புதிர் சுமந்து வாறதைப் படமெடுக்க வருகினம்."

பூசத்தன்று நல்ல பனி. விடிந்தும் குளக்கட்டுத் தெரியவில்லை. கதிர்கள் ஈரத்தில் தலை தொங்கிக் கிடந்தன. குசினியில் தில்லைநாதனின் மனைவி கமலாசனி நாலு மணிக்கே அடுப்பு மூட்டிவிட்டார். வயல் வேலைக்கு வழக்கமாக வரும் பெண்கள் பன்னிரண்டு பேர் முற்றத்தில் நின்றார்கள். வவுனியாப் புடவைக்கடை ஒன்று படத்துக்கென்று அனுப்பிய சிவப்புச் சேலை எல்லாருடைய உடம்பிலும் இருந்தது.

"பன்னிரண்டு பேருக்கும் ஒரே சிவப்பு. வைரவருக்கு நேந்துவிட்ட சேவலுகள் மாதிரி நிக்கிறம்," என்றாள் ராஜினி. பெண்களை வேலைக்குச் சேர்த்து வருவதும் அவள்தான், வாய்க்கும் அவள்தான்.

வேன் ஏழு மணிக்கு வந்தது. முதலில் பிரசாந்தன் இறங்கினான். பிறகு கமராக்காரர் இருவர். கடைசியில் ஒரு பெண் இறங்கினாள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். ஒடித்தால் ஒடியும் உடம்பு. பெரிய பூப்போட்ட புதுச் சேலை, தலை நிறைய மல்லிகை, முகத்தில் கழுத்துக்குச் சேராத வெள்ளை.

"உவா ஆர்?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"இவா யதுர்ஷிகா, ஐயா. எங்கட ஹீரோயின். இவாதான் புதிர் சுமக்கிறவா."

"பாட்டுப் பாடினது?"

"உங்கட மகள்தான்."

"அப்ப அவள் எங்கை நிக்கிறது?"

பிரசாந்தன் சுற்றிப் பார்த்தான்.

"அவா... குரல், ஐயா."

"குரலோ? என்ர பிள்ளைக்கு முகம் இல்லையோ?"

"கோவிக்காதேங்கோ ஐயா. முந்திப் பாட்டைக் கேட்டினம், இப்ப பாக்கினம். போனைத் திறந்து அஞ்சு செக்கன்தான். அதுக்குள்ள முகம் பிடிக்காட்டிப் பெருவிரலால தள்ளிப்போட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்கள். இது நான் வைச்ச சட்டமில்லை. நல்லாப் பாடுற நாலு பேரை அவையின்ர முகத்தோடயே போட்டுப் பாத்தனான். ஆயிரம் பேர் பாக்கேல்லை. முதலாளி எனக்குத்தான் ஏசினவர். புடவைக்கடைக்காரரும் சும்மா சீலை தரேல்லை. சீலை எடுப்பா நிக்கிற ஆளைத்தான் கேக்கினம்."

"என்ர பிள்ளையில சீலை நிக்காதோ?"

"ஏன் நிக்காது? நல்லா அகலமா நிக்கும், முழுப் பூவும் தெரியும்," என்றாள் ராஜினி. பின்னால் கிணற்றடியில் நின்ற சுதாஜினிதான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தில்லைநாதனுக்குப் பிடிக்கவில்லை. நேரே அவளிடம் போனார்.

"உனக்கு இது தெரியுமோ?"

"ஓம் அப்பா. நான்தான் சரியெண்டு சொன்னனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீங்கள் அதுக்குள்ள கூட்டுறவுக் கடை வரைக்கும் அறிவிச்சுப் போட்டியள்."

அவள் வாளியை இறக்கி, தண்ணீர் அள்ளி, வாழையடியில் ஊற்றினாள்.

"பத்து வருசமாய்ச் சனம் உன்னைப் பாத்துக்கொண்டுதானே பாட்டுக் கேட்டது?"

"கோயில் வீதியில அம்பது யார் தள்ளிக் குந்தியிருந்து பாத்ததுகள். இது உள்ளங்கையில வைச்சுப் பாக்கிற காரியம். எனக்கு முகத்தில ஆசையில்லை அப்பா. ஆரின்ர முகத்தையும் வைக்கட்டும். குரல் என்ரதுதானே? இஞ்சை பாடினது ரொறன்ரோவில கேக்கட்டும். பேர் கீழ போடுறம் எண்டவை."

"கீழ எண்டால்?"

"சின்ன எழுத்தில."

தில்லைநாதன் வானத்தைப் பார்த்தார். பனி கலைந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் எட்டே காலுக்கு.

"வயல் தாறன் எண்டு சொல்லிப்போட்டன், அது தந்ததுதான். ஆனா புதிர் உன்ர தலையில மட்டும்தான் ஏறும். அதை அவங்கள் படமெடுக்கவும் வேண்டாம்."

அப்படியே நடந்தது. கமராக்காரர் வேனடியில் நின்று தேத்தண்ணி குடிக்க, தில்லைநாதன் வயலின் மேல்மூலையில் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கிழக்குப் பார்த்து நின்று ஆட்டக்காரிக் கதிரில் ஒரு பிடி அறுத்தார். ஆட்டக்காரி பழைய சிவப்பு நெல். சந்தையில் விலை இல்லாவிட்டாலும் புதிருக்கென்று ஒரு வயல்துண்டில் எப்போதும் விதைப்பார். சுதாஜினி அதைத் தாம்பாளத்தில் வாங்கித் தலையில் வைத்து வரம்பால் நடந்தாள். வாசலில் கமலாசனி நிறைகுடம் வைத்து எதிர்கொண்டார். யதுர்ஷிகா வேன் கதவைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, ஒரு வாய் பால் குடியன்," என்றார் கமலாசனி அவளிடம் போய்.

"வேண்டாம் அன்ரி. எடுத்து முடியட்டும். இப்ப குடிச்சால் வயிறு தெரியும்."

"வயிறு இருந்தால் தெரியத்தானே செய்யும்?"

அவள் சிரித்தாள். ஆனால் குடிக்கவில்லை.

பிறகு படம் எடுக்கத் தொடங்கினார்கள். பெண்கள் கையில் அரிவாள். வெட்டு மெசின் வந்தபிறகு அரிவாள் பிடித்தவர்கள் அந்தப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர்கூட இல்லை. "சிரிச்சுக்கொண்டு அறுங்கோ அக்காமார்," என்று பிரசாந்தன் வரம்பில் நின்று கத்தினான்.

"சிரிச்சுக்கொண்டு அறுத்தால் விரல் போகும் தம்பி. பேந்து விரலுக்கு வேற ஆளை வைப்பியளோ?" என்றாள் ராஜினி.

யதுர்ஷிகா வெறுங்காலோடு இறங்கினாள். அறுத்த நெல்லின் அடித்தாள் குத்தியது. ஒவ்வொரு அடிக்கும் முகம் சுருங்கி, கமரா திரும்பியதும் விரிந்தது. அந்தப் பிள்ளையிலும் ஒரு பிழையும் இல்லை என்று தில்லைநாதன் நினைத்துக்கொண்டார். ஊரார் கேட்டால் என்ன சொல்வது என்பதைத்தான் அவர் மனம் காலையிலிருந்து அரைத்துக்கொண்டிருந்தது. படம் வந்தபிறகு கூட்டுறவுக் கடையில் நின்று, "அது குரல் மட்டும்தான், ஆனா பாட்டு அவளின்ரதுதான்" என்று சொல்லிவிடலாம். அதுவும் ஒரு பெருமைதானே?

பிரசாந்தன் கையைக் காட்டினான். வரம்பில் வைத்த பெரிய ஸ்பீக்கரில் பாட்டு எழும்பியது.

*வான் பாய்ஞ்ச குளத்துக்கு வாய்க்காலைத் தெரியும்,*
*வாடி நிண்ட பயிருக்கு என்னைத் தெரியும்...*

தில்லைநாதன் காது கொடுத்துக் கேட்டார். சொற்கள் தெரிந்த சொற்கள். குரல் திருவிழாவில் சின்னப் பிள்ளைகள் வாங்கி ஊதும் பிளாஸ்டிக் குழல்போல, மெல்லிசாக, வழவழவென்று போனது. மூச்சு எடுக்கிற இடமே இல்லை.

"இது ஆர் பாடினது?" என்று பலமாகவே கேட்டார். "தம்பி, ஆளை மாத்திப் போட்டுட்டீர். சுதா பாடினதைப் போடும்."

தேத்தண்ணித் தட்டோடு வரம்பில் வந்துகொண்டிருந்த சுதாஜினி நின்றுவிட்டாள்.

"அப்பா," என்றாள். "அது நான்தானாம்."

தட்டைப் புல்லில் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, நேரே பிரசாந்தனிடம் நடந்தாள். அறுத்த தாள் அவள் காலை ஒன்றும் செய்யவில்லை.

"பாட்டை நிப்பாட்டுங்கோ. இது எத்தினை கட்டை?"

"ஆறரை, அக்கா."

"நான் பாடினது நாலரை."

"ஓம். மெசினில ஏத்தினது. சின்ன வேலைதான்."

"என்னைக் கேக்காமலோ?"

"போன் ஸ்பீக்கரில பாரமான குரல் எடுபடாது அக்கா. மற்றது..." அவன் யதுர்ஷிகா பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இந்த முகத்துக்கு உங்கட குரல் ஒட்டேல்லை. ஒருக்காச் சேத்துப் பாத்தனாங்கள். சின்னப் பெட்டை வாய் திறக்கப் பெரிய மனிசியின்ர குரல் வருதெண்டு முதலாளி சிரிச்சவர். அதுதான் குரலையும் எப்பன் மெலிய வைச்சனாங்கள்."

"முகத்தைக் கேட்டியள், தந்தன். இப்ப குரலையும் மெலிய வைச்சால் இதில நான் எங்கை இருக்கிறன்?"

"பேர் இருக்குத்தானே அக்கா."

"பேரையும் எடுங்கோ. நான் பாடாத குரலுக்குக் கீழ என்ர பேர் என்னத்துக்கு? இந்த வயலிலயும் நீங்கள் எடுக்க வேண்டாம்."

பிரசாந்தன் கெட்ட பிள்ளையல்ல. ஆனால் அன்றைய வேன் கூலியும் கமராக் கூலியும் அவன் தலையில். அவன் தில்லைநாதனைத் திரும்பிப் பார்த்தான். "ஐயா, நீங்கள் வாக்குத் தந்தனீங்கள்."

பன்னிரண்டு பெண்களும் அவரைத்தான் பார்த்தார்கள். அவருக்கோ பெண்கள் தெரியவில்லை. பிறந்த அன்று வீரிட்டு அழுத அழுகையிலிருந்து முப்பத்துநாலு வருடம் கேட்ட குரல், ஊரார் முன்னால் 'ஆர் இது' என்று கேட்கும்படி ஆகிவிட்டதே என்ற ஒன்றுதான் தெரிந்தது. காலையில் முகத்துக்காகச் சண்டைக்கு நின்றார். களவு போனது வேறொன்று. அது தன் கண்முன்னே போயிருக்கிறது.

"ராஜினி, எல்லாரையும் கிட்டக் கூப்பிடு," என்றார்.

வந்தார்கள். அவர் வரம்பில் ஏறி நின்றார்.

"இந்தத் தம்பிக்கு வயல் தாறன் எண்டு நான் சொன்னது உங்கள் எல்லாருக்கும் தெரியும். இப்ப அந்த வாக்கை நானே எடுக்கிறன். நாளைக்குச் சந்தையில ஆரும் கேட்டால், தில்லைநாதன் வாக்கு மாறினவர் எண்டு சொல்லுங்கோ. மகள் மறுத்தவள், அதாலதான் எண்டு சொல்லக் கூடாது. பெத்தவன் மாறினவன். அவ்வளவுதான்."

அப்படி ஒரு வசனத்தை அந்த வாய் முன்பு சொன்னதில்லை. ஆனால் நினைத்த அளவுக்கு அது கசக்கவுமில்லை.

ராஜினிதான் கேட்டாள்: "அப்ப இந்தச் சீலை என்ன மாதிரி ஐயா? இஞ்சையே கழட்டிக் குடுக்கிறதோ?"

வயல் முழுக்கச் சிரித்தது. கமராக்காரர் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பிரசாந்தனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "பாட்டு எங்களிட்ட இருக்கு ஐயா. அக்கா கையெழுத்து வைச்ச கடதாசியும் இருக்கு. நாங்கள் வேற வயல் பாப்பம்."

"பாருங்கோ தம்பி," என்றாள் சுதாஜினி. "கையெழுத்து என்ரதுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா இண்டைக்குப் பின்னேரம் கோயில் மேடையில எங்கட குழு ஏறுது. இந்தப் பாட்டைத்தான் நான் முதல்ல பாடுவன். நாலரையில. சனம் அதைக் கேக்கட்டும். பேந்து நீங்கள் உங்கட ஆறரையைப் போடுங்கோ."

"கடதாசிப்படி நீங்கள் மேடையில பாடேலாது அக்கா. வழக்கு வரும்."

"வரட்டும். நீதவானுக்கு முன்னால உங்கட ஸ்பீக்கரைக் கொண்டுவந்து போடுங்கோ. நான் கூண்டில நிண்டு பாடிக் காட்டுறன். எது என்ர குரலெண்டு அவரே தீர்க்கட்டும்."

ராஜினி கை தட்டினாள். "அந்த வழக்குக்கு நாங்கள் பன்னிரண்டு பேரும் சாட்சி. இதே சீலையோட வருவம்."

பிரசாந்தன் வயர்களைச் சுருட்டத் தொடங்கினான். ஸ்பீக்கர் வேனில் ஏறியது. யதுர்ஷிகா வேனின் படியில் குந்தியிருந்து காலில் குத்திய தாளின் சிராயை எடுத்துக்கொண்டிருந்தாள். சாரதி சாவியைத் திருப்பப் போகும்போது தில்லைநாதன் வேனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"பிறகென்ன ஐயா? போகத்தானே சொன்னீங்கள்."

"புதிர் நாளில வந்த வீட்டில கை நனைக்காமல் ஒருத்தரும் போறதில்லை. இறங்குங்கோ."

"இவ்வளவும் நடந்த பிறகு சாப்பாடோ?"

"வயல் இல்லையெண்டுதான் சொன்னனான். சோறு இல்லையெண்டு சொன்னனானோ?"

அவர் நின்ற நிலையைப் பார்த்தால் வேன் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். பின்னால் வாய்க்கால். இறங்கினார்கள்.

விறாந்தையில் பாய் விரித்து வாழையிலை போட்டார்கள். முதலில் ஒவ்வொரு இலையிலும் புது நெல் கலந்த சோறு ஒரு கரண்டி, மேலே பாலும் வாழைப்பழமும் சர்க்கரையும். அதை உண்ட பிறகுதான் மற்றச் சாப்பாடு. கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், முருங்கையிலை வறை, பருப்பு, மோர்மிளகாய், சொதி. தில்லைநாதன் சொதிச் சட்டியைத் தானே தூக்கினார். பிரசாந்தனின் இலைக்கு வந்தபோது ஓர் அகப்பை கூடவே ஊற்றினார். குறைத்து ஊற்றினால் அது அவருக்கு இழுக்கு.

யதுர்ஷிகா சுவரோரம் இருந்து உண்டாள். முதலில் கிள்ளிக் கிள்ளி உண்டாள். பிறகு கையை நிறைத்து உண்டாள். பிறகு இலையை வழித்தாள்.

"இன்னும் போடட்டோ பிள்ளை?" என்று கேட்டார் கமலாசனி. "வயிறு தெரியுமெண்டு சொன்னியே?"

"இனி ஆர் பாக்கப்போகினம்? போடுங்கோ அன்ரி. கத்தரிக்காயும் போடுங்கோ. மூண்டு மாசமாய் இரவில பிஸ்கற்தான்."

பிரசாந்தன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, கறிச்சட்டியோடு நின்ற சுதாஜினியிடம் சொன்னாள்:

"அக்கா, இந்தப் பாட்டுக்கு நான் ரெண்டு கிழமையாய்க் கண்ணாடிக்கு முன்னால நிண்டு வாயசைச்சுப் பழகினனான். ஒவ்வொரு சொல்லும் பாடம். ஆனா மெசினில ஏத்தினதைத்தான் எனக்கு அனுப்பினவை. நீங்கள் பாடினதை நான் ஒருக்காவும் கேக்கேல்லை. அந்தச் சரணத்தை உங்கட கட்டையில ஒருக்காப் பாடுங்கோவன்."

சுதாஜினி கறிச்சட்டியை நிலத்தில் வைத்தாள். கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், சரணத்தை எடுத்தாள்.

ஒலிபெருக்கி இல்லை, தாளம் இல்லை. குரல் நிலத்திலிருந்து எழும்புவதுபோல எழும்பி விறாந்தையை நிறைத்தது. மூச்சு எடுக்கும் இடத்தில் மூச்சு எடுத்தாள். அந்த மூச்சும் கேட்டது. முற்றத்தில் இலைக்குக் காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யதுர்ஷிகாவின் உதடுகள் பழக்கத்தில் சொற்களோடு அசைந்தன. இரண்டாவது வரியில் அவை நின்றுவிட்டன. அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

பிரசாந்தனின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. சொதி விரலிடுக்கால் வழிந்து முழங்கை வரை இறங்கியது. அவனுக்குத் தெரியவில்லை.

தில்லைநாதன் சட்டியோடு அவனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"சாப்பிடும் தம்பி," என்றார். "சோறு ஆறுது."